மாறுவேடப் போட்டி நடத்தும் பள்ளிகளுக்கு ஒரு தையற்காரியின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும், மழலையர், தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் கழகத்தினருக்கும் வணக்கம்.

நான் மதுரையில் வீட்டோடு தையல் இயந்திரம் வைத்துப் பிழைப்பவள். இருபத்திரண்டு ஆண்டுகளாக ரவிக்கையும் பாவாடையும் பள்ளிச் சீருடையும் தைக்கிறேன். அவற்றுக்கு நடுவே, ஆண்டுக்கு ஐந்தாறு முறை, இரவு எட்டு மணிக்கு மேல் கதவைத் தட்டும் தாய்மார்களுக்காக மாறுவேட உடைகளும் தைத்துத் தருகிறேன். அவர்கள் பெரும்பாலும் ஒரே வாசகத்தோடுதான் வருவார்கள்: “அக்கா, நாளைக் கழிச்சுப் போட்டியாம். இப்பத்தான் வாட்ஸ்அப்புல போட்டாங்க.” அந்த வாசகத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனதால்தான் இந்த மடலை எழுதுகிறேன். மாறுவேடப் போட்டியே வேண்டாம் என்று சொல்வது என் நோக்கமன்று. அதை நடத்தும் முறையை மாற்றினால், இப்போது வாடகைக் கடைக்குப் போகும் பணம் வீட்டிலேயே தங்கும் என்பதோடு, குழந்தைக்கும் அந்தப் போட்டியிலிருந்து ஏதாவது மிஞ்சும் என்று சொல்லவே எழுதுகிறேன்.

முதலில் நாட்களைப் பற்றிப் பேசுவோம். ஜூலை 15 காமராசர் பிறந்தநாள். அதைக் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடுகிறீர்கள். ஆகஸ்ட் 15க்கு விளக்கம் தேவையில்லை. செப்டம்பர் 5 வ.உ.சி. பிறந்தநாள், ஆசிரியர் நாளும் அதுவே. அக்டோபர் 2 காந்தி, அக்டோபர் 15 கலாம், நவம்பர் 14 குழந்தைகள் நாள், டிசம்பர் 11 பாரதியார், ஜனவரி 26 குடியரசு நாள். இவற்றுள் எந்த நாளும் திடீரென்று முளைப்பதில்லை. கிருஷ்ண ஜெயந்தி மட்டும் ஆண்டுக்கு ஆண்டு நகரும். அதையும் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டி ஜனவரியிலேயே சொல்லிவிடுகிறது. நிலைமை இப்படியிருக்க, வெள்ளிக்கிழமைப் போட்டிக்குப் புதன்கிழமை இரவு அறிவிப்பு வருவதன் காரணம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. யாருக்கு எந்த வேடம் என்று முடிவெடுக்கவே அந்த இரவு போய்விடும். மிஞ்சும் ஒரு நாளில், வேலைக்குப் போய்வரும் ஒரு தாய் வாடகைக் கடைக்கு ஓடுவதைத் தவிர வேறு என்னதான் செய்வாள்?

கடந்த டிசம்பரில் பாரதியார் வேடத்துக்காக ஒரு தாய் செலவழித்த கணக்கை என்னிடம் சொன்னார். உடைக்கு வாடகை 450 ரூபாய், தலைப்பாகைக்கும் ஒட்டுமீசைக்கும் தனியாக 100, முன்பணம் 500, எடுக்கவும் திருப்பிக் கொடுக்கவும் ஆட்டோவுக்கு 160. கோட்டில் ஒரு பொத்தான் தெறித்துவிட்டது என்று முன்பணத்தில் 100 ரூபாயைக் கடைக்காரர் பிடித்துக்கொண்டார். ஆக மொத்தம் 810 ரூபாய். அவர் இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவர். மேடையில் அவருடைய மகன் நின்றது ஒன்றரை நிமிடம். ஒரு நாள் கூத்துக்கு மீசையைச் சிரைத்த கதையை நம் பாட்டிமார் சும்மா சொல்லவில்லை.

பணத்தோடு போய்விட்டாலும் பரவாயில்லை. வாடகை உடை எந்தக் குழந்தையின் அளவுக்கும் தைக்கப்படுவதில்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கும் ஒரே அளவுதான், மிச்சத்தை ஊக்குக் குத்திச் சரிசெய்துகொள்ள வேண்டும். முந்தைய வாரம் யார் போட்டார்கள், துவைத்தார்களா என்று கேட்க முடியாது. பொய்முடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எங்கள் வீட்டில் ஒரு குழந்தைகள் நாளுக்குப் பிறகு பேன்சீப்போடு பத்து நாள் உட்கார்ந்திருந்தோம்.

ஆம், எங்கள் வீட்டிலும் வாடகை உடை எடுத்திருக்கிறோம். ஊருக்கெல்லாம் தைப்பவள் சொந்தப் பிள்ளைக்கு வாடகைக்கு எடுத்தாள் என்று நீங்கள் சிரிக்கலாம். என் இளைய மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு. முகூர்த்த நேரம், கையில் முடிக்க வேண்டிய ரவிக்கைகள் பதினாறு இருந்தன. போட்டிக்கு முந்தைய மாலை கடைக்குப் போய், இருந்ததில் பளபளப்பாக இருந்த ராணி உடையை எடுத்துவந்தேன். தகர மகுடம், முத்துச் சரம், இடுப்பில் பிளாஸ்டிக் வாள், தரையைக் கூட்டும் சிவப்புச் சாட்டின் அங்கி. மகுடம் நெற்றியை அறுத்தது. அவள் மேடையில் நின்று, ஒரு கையால் மகுடத்தையும் மறு கையால் அங்கியையும் பிடித்துக்கொண்டு, நான் எழுதிக்கொடுத்த நான்கு வரிகளில் இரண்டைச் சொன்னாள். நடுவராக வந்திருந்த அம்மையார் அன்பாகத்தான் கேட்டார், “நீ எந்த ராணி, கண்ணு?” என் மகள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “தெரியல மிஸ். கடையில ராணின்னுதான் சொன்னாங்க.”

அரங்கமே சிரித்தது. அவளுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது.

அவளுக்கு அடுத்து வந்த பையனை நான் இன்னும் மறக்கவில்லை. காக்கி அரைக்கால் சட்டை, சலவையில் மங்கிய வெள்ளைச் சட்டை, அக்குளில் சணல் கயிற்றால் கட்டிய செய்தித்தாள் கட்டு. வேறு எதுவும் இல்லை, பவுடர்கூடப் பூசவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இராமேசுவரத்தில் ரயில் நிற்பதை நிறுத்திவிட்டார்கள் என்றும், ஓடும் ரயிலிலிருந்து வீசப்படும் செய்தித்தாள் கட்டுகளைப் பொறுக்கியெடுத்துத் தான் ஊருக்குள் விநியோகித்ததாகவும் சொல்லிவிட்டு, கட்டை ஒருமுறை கீழே போட்டு, ஓடிப்போய் எடுத்துக் காட்டினான். பிறகு, “என் பெயர் அப்துல் கலாம்” என்றான். அந்தச் செய்தித்தாள் கட்டைப் பார்த்ததுமே, அவன் அப்பாவோ அம்மாவோ எத்தனை இரவு உட்கார்ந்து அவனோடு பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தெரிந்தது. அவனுக்குப் பரிசு இல்லை. பரிசு பெற்ற மூவரும் வாடகை உடையில் வந்தவர்கள். என் மகளும் அவர்களில் ஒருத்தி என்பதால் என்னால் வாய் திறந்து கேட்கவும் முடியவில்லை. அந்தப் பள்ளியின் பெயர் இங்கே தேவையில்லை. எல்லாப் பள்ளிகளிலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது.

வேடம் என்பது உடம்பு முழுவதையும் மூடும் உடையன்று. ஒருவரை அவர் என்று காட்டும் ஒன்றிரண்டு அடையாளங்கள் போதும். அவற்றைத் தேர்ந்தெடுப்பதில்தான் வேலையே இருக்கிறது. முண்டாசும் மீசையும் வந்துவிட்டால் பாரதி வந்துவிட்டார். வெள்ளைச் சேலையும் திருநீறும் ஊன்றுகோலும் என்றால் ஔவை. ஓவியர் கே.ஆர். வேணுகோபால் சர்மா தீட்டிய படம் நம் எல்லோர் மனத்திலும் பதிந்திருப்பதால், தாடியும் கொண்டையும் கையில் ஓலையும் எழுத்தாணியும் கண்டவுடன் ‘வள்ளுவர்’ என்று மூன்று வயதுக் குழந்தையும் சொல்லிவிடும். காமராசருக்கு வெள்ளைக் கதர்ச் சட்டையும் வேட்டியும் தோளில் ஒரு துண்டும். இவற்றில் எதை வாடகைக்கு எடுக்க வேண்டும்?

காந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். என் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில்தான் மேல மாசி வீதியின் அந்த வீடு இருக்கிறது. இன்று அங்கே கதர்க் கடை நடக்கிறது. 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி அங்கேதான், இந்த நாட்டின் ஏழைக்கு இருப்பது இவ்வளவுதானே என்று, உடுத்தியிருந்த உடையைக் களைந்து அரையாடைக்கு மாறினார். அவர் வேடத்தைப் போட இன்று ‘காந்தி செட்’ என்று ஒன்றைக் கடைகளில் தருகிறார்கள்: வழுக்கைத் தலைக்கு ரப்பர் தொப்பி, ஒட்டுமீசை, கண்ணாடி, கைத்தடி, மூக்கோடு சேர்ந்த ஒரு முகமூடி. வாடகை 350 ரூபாய். உடையைக் குறைத்துக்கொண்ட மனிதரின் உடைக்கு இவ்வளவு செலவா என்று நான் ஒரு தந்தையிடம் கேட்டுவிட்டேன். அவர் பாவம், பதில் சொல்லாமல் சிரித்தார். இரண்டு பழைய பிளாஸ்டிக் வளையல்களை மெல்லிய கம்பியால் இணைத்து, காதுக்கு இரண்டு பக்கமும் கம்பியை வளைத்து, முனைகளை மடக்கி நூல் சுற்றிவிட்டால் காந்தியின் கண்ணாடி ஆயிற்று. வேட்டி வீட்டில் இருக்கிறது. தலையில் முடியிருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். ஆறு வயதுப் பிள்ளையின் தலையில் ரப்பரை மாட்டி வியர்க்க வைப்பதை காந்தியே ஒப்பமாட்டார்.

‘வீட்டில் செய்தால் எடுப்பாக இருக்காது’ என்பது ஆசிரியர்கள் சிலர் என்னிடம் நேரில் சொன்ன மறுப்பு. இதற்கு நான் தெருக்கூத்தைத்தான் காட்டுவேன். என் மாமியார் ஊர் திருவண்ணாமலைப் பக்கம். அந்தப் பக்கத்தில் தெருக்கூத்துக்குப் பெயர்போன புரிசை ஊரின் கூத்தை நான் விடிய விடியப் பார்த்திருக்கிறேன். அருச்சுனனுக்கும் துரியோதனனுக்கும் அங்கே இருக்கும் கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியவை. கனமில்லாத மரம் என்பதால்தான் அதைத் தேர்ந்தார்கள். இரவு முழுவதும் சுற்றிச் சுற்றி ஆட வேண்டுமே. அதன்மேல் கண்ணாடிச் சில்லும் வண்ணத்தாளும் ஒட்டி, முகத்துக்கு அரிதாரம் பூசி, விளக்கு வெளிச்சத்தில் நின்றால் அந்த ஆள் அரசன்தான். பகலில் அதே கிரீடத்தைத் திண்ணையில் வைத்திருப்பார்கள். கையில் எடுத்துப் பார்த்தால் மரமும் தாளும் பசையும்தான். செலவு குறைவு, உழைப்பு நிறைய. மலிவான பொருளால் பார்ப்பவர் கண்ணை நிறைக்கும் கலை நம் மண்ணில் இருக்கும்போது, தகர மகுடத்தை வாடகைக்கு எடுத்து எதை மேம்படுத்துகிறோம்?

இனி என் தொழிலுக்கு வருகிறேன். பெற்றோர்களுக்கு நீங்கள் அனுப்பும் சுற்றறிக்கையோடு இந்தக் குறிப்புகளையும் சேர்த்து அனுப்பினால் மகிழ்வேன். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டியதில்லை.

குழந்தைகள் மேடையில் அதிகம் அவதிப்படுவது தலைப்பாகையால். துணியை நேரே தலையில் சுற்றினால் இரண்டாவது நிமிடத்தில் அவிழ்ந்து கண்ணை மறைக்கும். அப்பாவின் பழைய பனியனில் கைப்பகுதியை வெட்டியெடுங்கள். ஒரு முனையைச் சுருக்கி நூலால் இறுகக் கட்டி உட்புறம் திருப்பினால் குழந்தையின் தலையில் இழுத்துப் பிடித்து நிற்கும் குல்லாய் கிடைக்கும். கிழிந்த வேட்டியிலிருந்து ஒரு சாண் அகலத்தில் இரண்டு கெஜ நீளத்துக்குப் பட்டை கிழித்து, இலேசாக முறுக்கி, அந்தக் குல்லாயின்மேல் சுற்றிக்கொண்டே வந்து நான்கைந்து இடங்களில் தையல் போட்டுவிட்டால், தொப்பிபோல் மாட்டலாம், கழற்றலாம். பாரதிக்கு வெள்ளையாக விடுங்கள். கட்டபொம்மனுக்கு வண்ணம் வேண்டுமென்றால், சாயம் வாங்க வேண்டாம். மஞ்சள்தூள் கரைத்த நீரில் துணியை முக்கினால் மஞ்சள் நிறம், அதில் ஒரு சிட்டிகை வெற்றிலைச் சுண்ணாம்பைச் சேர்த்தால் சிவப்பு. குங்குமம் பிறக்கும் வழியும் அதுதான். துவைக்கத் துவைக்க மங்கும் என்றாலும் ஒரு நாளைக்குப் போதும். சுண்ணாம்பு சேர்த்த துணியை மட்டும் நன்றாக அலசிக் காயவைத்த பிறகே தலையில் வைக்க வேண்டும்.

தாடிக்குப் பஞ்சை நேராகக் கன்னத்தில் பசைபோட்டு ஒட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வியர்த்ததும் பிய்ந்து வாய்க்குள் போகும், பிய்த்தெடுக்கும்போது குழந்தை அழும். பனியன் துணியில் தாடையின் வடிவத்துக்கு ஒரு துண்டு வெட்டி, அதன்மேல் முதல்நாளே ஃபெவிகாலால் பஞ்சை ஒட்டிக் காயவைத்து, கொரோனா காலத்து முகக்கவசங்கள் வீட்டில் மிச்சமிருந்தால் அவற்றின் இலாஸ்டிக்கை எடுத்துக் காதில் மாட்டும்படி தைத்துவிடுங்கள். வள்ளுவரின் ஓலைக்கு சார்ட் தாளைப் பட்டை பட்டையாக வெட்டி, ஆறிய டீ டிகாஷனில் நனைத்து நிழலில் உலர்த்துங்கள். பழுத்த ஓலையின் நிறம் அப்படியே வரும். குழந்தையையே ஒரு குறளை அதில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய குறள் மறக்காது.

வீரர்களுக்கு மார்புக்கவசம் வேண்டும். வீட்டுச் சாமான் வந்த அட்டைப்பெட்டியே போதுமானது. ஆனால் வெட்டும்முன் அட்டைக்குள் ஓடும் வரிகளைக் கவனியுங்கள். வரி மேலிருந்து கீழாக நிற்கும்படி வைத்து வளைத்தால்தான் கவசம் உடம்பைச் சுற்றி வளையும். குறுக்கே வைத்து வளைத்தால் நடுவில் மடிந்து ஒடியும். தோளில் துணிப்பட்டை, பின்னால் வெல்க்ரோ. மேலே ஒட்டுவதற்கு வெள்ளித்தாள் வாங்காதீர்கள். சிப்ஸ் பொட்டலங்களைப் பிரித்து, எண்ணெய் போகக் கழுவித் துடைத்து, உட்புறத்தை வெளியே காட்டி ஒட்டினால் கடையில் விற்கும் தாளைவிட மினுக்கும். தெர்மாகோலில் செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: செருப்புக்கு ஒட்டும் ரப்பர் பசையை அதில் தடவினால் பசை தெர்மாகோலைத் தின்றுவிடும். ஒருமுறை நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு, பாதி கரைந்த ஒரு கேடயத்தோடு ஒரு தந்தை என் வாசலில் நின்றார். ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசைதான் அதற்குச் சரி.

வேலு நாச்சியாருக்கும் ஜான்சி ராணிக்கும் குதிரை கேட்கும் பிள்ளைகளும் உண்டு. தஞ்சைப் பக்கத்துப் பொய்க்கால் குதிரை ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு வழி தெரியும். சற்றுப் பெரிய அட்டைப்பெட்டியின் மேல்மூடியையும் அடியையும் எடுத்துவிட்டு, குழந்தையை உள்ளே நிறுத்தி, பெட்டியைத் தோளிலிருந்து இரண்டு பட்டையால் தொங்கவிட வேண்டும். முன்னால் அட்டையில் வெட்டிய குதிரைத் தலை, பின்னால் கறுப்புக் கம்பளிநூல் வால், பக்கவாட்டில் பழைய பட்டுச்சேலையின் ஜரிகைக் கரை. சென்ற ஆகஸ்டில் எங்கள் தெருக் குழந்தைகள் நான்கு பேர் சேர்ந்து ஒன்றைச் செய்தார்கள். கண் இரண்டும் ஒரே அளவில் இல்லை. ஒன்று கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. பார்க்கக் கோபக்காரக் குதிரையாக இருந்தது, அதனால் இன்னும் நன்றாக இருந்தது. மொத்தச் செலவு 70 ரூபாய், அதுவும் பசைக்கும் வண்ணத்துக்கும்.

ஜரிகை, சமிக்கி, லேஸ் வாங்க நான் முன்பெல்லாம் மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே இருக்கும் புதுமண்டபத்துக்குப் போவேன். கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய பிறகு அங்கே. சித்திரைத் திருவிழாவில் அழகருக்கு நேர்ந்துகொண்டு வேடமிடுவோருக்கு உடை தைக்கும் தையற்காரர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது ஒன்று: நேர்ந்துகொண்டு வேடமிடுகிறவர் அதைத் தனக்கென்று அளவெடுத்துத் தைத்து, அடுத்த ஆண்டுக்கும் மடித்து வைக்கிறார். நம் பள்ளிகள் கேட்பது மட்டும் ஒரு காலையில் போட்டு மாலையில் திருப்பிக் கொடுப்பதாக இருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வீட்டில் செய்யும் உடை செலவு குறைந்தது என்று எல்லோரும் சொல்கிறோம். அதில் தாயின் இரவுத் தூக்கத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. வாடகை உடையை ஒழித்துவிட்டு அந்தச் சுமையைத் தாயின் தலையில் ஏற்றுவதாக இருந்தால், நான் இந்த மடலை எழுதியிருக்கவே வேண்டாம். ஆகவே என் முதன்மையான வேண்டுகோள் இது: உடை செய்யும் வேலையைப் பள்ளிக்குள் கொண்டுவாருங்கள். கைவினைக்கும் ஓவியத்துக்கும் கால அட்டவணையில் நேரம் இருக்கிறது. போட்டிக்கு முந்தைய இரண்டு வாரம் அந்த நேரத்தில் குழந்தைகள் தங்கள் கிரீடத்தையும் ஓலையையும் கண்ணாடியையும் தாங்களே செய்யட்டும். மூன்றாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகள் கத்தரிக்கோல் பிடிப்பார்கள். சிறியவர்களுக்குப் பெரியவர்கள் உதவட்டும். ஆண்டு முடிவில் அவற்றை எறிந்துவிடாமல் ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டுவையுங்கள். மூன்றே ஆண்டில் உங்கள் பள்ளியில் பத்துத் தலைப்பாகையும் ஐந்து தாடியும் இரண்டு குதிரையும் சேர்ந்துவிடும். வீட்டில் எதுவும் செய்ய இயலாத குழந்தை அந்தப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொள்ளும். பள்ளிக் கல்வித் துறை 2022-23இல் தொடங்கிய கலைத் திருவிழா இப்போது தொடக்க வகுப்புகளுக்கும் வந்துவிட்ட நிலையில், அரசுப் பள்ளிகளுக்கு இந்தப் பெட்டி இன்னும் அவசியம்.

அறிவிப்பு மூன்று வாரத்துக்கு முன்பே வர வேண்டும். அதில், ‘வாடகை உடை எதிர்பார்க்கப்படவில்லை, செலவு 100 ரூபாயைத் தாண்ட வேண்டாம்’ என்று ஒரு வரி இருக்கட்டும். தடை என்று போடாதீர்கள். பரதநாட்டிய உடை வீட்டில் வைத்திருக்கும் பிள்ளை அதைப் போட்டுவந்தால் குற்றமில்லை. மதிப்பெண் பிரிவைத்தான் மாற்ற வேண்டும். இப்போது ‘தோற்றம்’ என்று ஒரு தலைப்புக்குப் பாதி மதிப்பெண் போகிறது. நடுவருக்குத் தோற்றம் என்றால் பளபளப்பு. அதைக் குறைத்து, ‘நீ யார், இதில் எதை நீ செய்தாய், ஏன் இதைக் கையில் வைத்திருக்கிறாய்’ என்ற மூன்று கேள்விகளுக்கு மதிப்பெண் கொடுங்கள். அந்தச் செய்தித்தாள் சிறுவன் அப்போது முதலில் வருவான். என் மகள் வரமாட்டாள், அது நியாயம்தான்.

உடையோடு சேர்ந்த இன்னொன்று, உடம்பு. ஆகஸ்டில் மதுரை வெயிலில், தகரக் கூரையின் கீழ், காலை எட்டு மணிக்கே வேடம் போட்டு வரச்சொல்லிப் பதினொன்றரைக்கு மேடையேற்றுகிறீர்கள். சிறப்பு விருந்தினர் தாமதமாக வருவார்; குழந்தைகள் காத்திருப்பார்கள். ஒரு பள்ளியில், தோகையோடு சேர்த்து முதுகில் நாடா நாடாவாகக் கட்டிய வாடகை மயில் உடையில் ஒரு யுகேஜி பெண், கழிவறைக்குப் போக வேண்டும் என்று சொல்லிச் சொல்லி, நாடாவை அவிழ்ப்பதற்குள் உடையிலேயே போய்விட்டாள். பிறகு மேடைக்கு வரவில்லை. கடைக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை. அன்றுமுதல் நான் தைக்கும் எந்த வேடத்துக்கும் முதுகில் வெல்க்ரோதான், நாடா கிடையாது. இரண்டு வினாடியில் பிரிய வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியது, பள்ளிக்கு வந்தபின் வேடம் போடவைத்து, பேசி முடித்ததும் கழற்றவிடுவது.

வேடத்துக்காக முகத்தின் நிறத்தை மாற்றுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். காமராசர் வேடமென்றால் பிள்ளையின் முகமெல்லாம் கறுப்பு மை பூசுவதும், பாரத மாதா என்றால் வகுப்பில் வெளுத்த பெண்ணைத் தேடுவதும் ஒரே பிழையின் இரண்டு பக்கங்கள். கறுத்த பெண்ணான என் மூத்த மகளிடம் ஓர் ஆசிரியை, “நீ காளியம்மன் போடு, மேக்கப் மிச்சம்” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள், அதை இன்னும் சொல்லிக்காட்டுகிறாள். ஒரு சமூகத்தாரின் உடையையும் பேச்சையும் சிரிப்புக்காகப் போடவைக்கும் வேடங்களும் வேண்டாம். அந்தச் சமூகத்துப் பிள்ளை உங்கள் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கக்கூடும்.

பெற்றோர்களே ஆடம்பரம் கேட்கிறார்கள் என்று நீங்கள் சொல்லலாம். சிலர் கேட்பது உண்மைதான். புகைப்படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைக்க வேண்டுமே. ஆனால் பெரும்பாலோர் பயத்தால்தான் செய்கிறார்கள். எல்லாப் பிள்ளையும் மினுக்கிக்கொண்டு நிற்கும்போது தன் பிள்ளை மட்டும் அட்டைக் கிரீடத்தோடு நின்றால் கூனிக் குறுகிவிடுவானோ என்ற பயம் அது. அந்தப் பயத்தைப் பெற்றோர் தனியாகப் போக்கிக்கொள்ள முடியாது; பள்ளியின் பெயரில் வரும் ஒரு வரி அறிவிப்பால் போக்கிவிடலாம். மேடையில் எல்லோர் தலையிலும் அட்டைக் கிரீடம் இருந்தால் யார் கூசப்போகிறார்கள்?

என்னால் ஆனதையும் சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு ஆண்டு வெட்டுத்துணி என் வீட்டுப் பரணில் மூட்டையாகக் கிடக்கிறது: சாட்டின், பாப்ளின், லைனிங், ஜரிகைக் கரை, எல்லாம் கலந்து. எந்தத் தையற்கடைக்குப் போனாலும் இப்படி ஒரு மூட்டை இருக்கும். கேட்டால் காசில்லாமல் தருவார்கள், இடம் காலியானால் அவர்களுக்கும் நல்லது. எங்கள் பகுதியிலுள்ள பள்ளி எதுவாக இருந்தாலும், கைவினை வகுப்பு நாளைச் சொல்லியனுப்பினால், மூட்டையோடும் பெரிய கத்தரிக்கோலோடும் நானே வருகிறேன். புதன்கிழமை மட்டும் வேண்டாம்; அன்று சீருடைத் துணி வெட்டும் நாள். மூன்று வாரம் முன்பே சொல்லிவிடுங்கள்.

இங்ஙனம்,
வீட்டுத் தையற்காரி ஒருத்தி,
மதுரை.